ஆட்டினா சத்தம் வரக்கூடாது

கல்யாண மண்டபத்துல பக்கத்துல ஒக்காந்திருக்குறவங்க என்ன வேல பாக்கறீங்கன்னு கேட்டா, "பெட்டியக் கீழ போடுறேன்"னு சொல்லுவேன். வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சு சிரிப்பாங்க. நெசமாவே அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். எங்க வூட்டுக்காரரு மட்டும், "ஒனக்கு வர்ற கோவத்துக்குப் பொருத்தமான வேலதான்"ம்பாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல, எனக்குக் கோவம் மூக்கு நுனிலதான் இருக்கும்.

பீங்கான் சாமான் செய்யற கம்பெனில, சாமான் நல்லா வெந்திருக்குதான்னு பாக்க ஒரு ஆளு இருப்பாரு. அந்தச் சாமான வெச்சுக் கட்டின பெட்டி ஊரு போய்ச் சேருமான்னு பாக்கறது என் வேல. மொதல்ல பாண்டிச்சேரி பக்கத்துல ஒரு அட்டைப்பெட்டி கம்பெனில பன்னெண்டு வருஷம் இதே வேல பாத்தேன். அங்க எல்லாத்துக்கும் மெஷின் இருந்துச்சு. பெட்டிய நசுக்கிப் பாக்க ஒண்ணு, குலுக்கிப் பாக்க ஒண்ணு, ஈரத்துல ஊறவெச்சுப் பாக்க ஒரு தனி ரூமு. வூட்டுக்காரருக்கு ரயில்வேல வேல, விருத்தாசலம் ஜங்ஷனுக்கு மாத்தலாச்சு. நானும் வந்து சேந்தேன், பீங்கான் பேட்டைல ஒரு கம்பெனில வேலையும் கெடச்சுது.

மொத நாளு, "டெஸ்ட் பண்ற ரூமு எங்கங்க?"ன்னு மொதலாளியக் கேட்டேன். அவரு ஒடஞ்ச அச்சு அடுக்கி வெச்சிருந்த ஒரு குடோனக் காட்டி, "நீங்க எப்பிடி வெச்சிக்கிறீங்களோ அப்பிடிம்மா"ன்னாரு. எரிச்சலா வந்துச்சு. ஆனா ஒரு மாசத்துல நானே எல்லாத்தயும் உண்டாக்கிட்டேன். வெல்டிங் பட்டறைல சொல்லி என் இடுப்பு ஒயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு. அதுல ஒரு பலகை, நெம்புகோல இழுத்தா பலகை சட்டுனு கீழ மடங்கிக்கும், பெட்டி தொப்புனு கீழ இருக்குற இரும்புத் தகட்டுல விழும். நசுக்கிப் பாக்க மணல் மூட்டை. ஈரத்துக்கு, தண்ணி ட்ரம்மு பக்கத்துல நனைச்ச சாக்கு. குலுக்கிப் பாக்கத்தான் வழியில்லாம யோசிச்சேன். அப்பறம் பெட்டிய பெண்ணாடம் பஸ்ஸுல கடைசி சீட்டுக்குப் பின்னால போட்டு, போயிட்டு வரச் சொல்லிட்டேன். கரும்பு டிராக்டரு ஓடுற அந்த ரோட்டுல ஒருக்கா போயி வந்தா, எந்த மெஷினும் குலுக்காத குலுக்கு குலுக்கிடும்.

அப்பறம் ஒரு சட்டம் போட்டேன். கட்டி முடிச்ச பெட்டிய காதுகிட்ட வெச்சு ஆட்டுவேன். உள்ள லொடக்குன்னு ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் திருப்பி அனுப்பிடுவேன். அதையே பேக்கிங் ஹால் செவுத்துல செகப்புப் பெயிண்டுல, ஒவ்வொரு எழுத்தும் மொழம் ஒயரத்துக்கு எழுதி வெச்சேன்: ஆட்டினா சத்தம் வரக்கூடாது. பாண்டிச்சேரில எனக்குச் சொல்லிக் குடுத்த மொத பாடம் அது. அதுக்கு மேல ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு கறாரா இருந்தேன்.

பேக்கிங் ஹால்ல எட்டு பொம்பளைங்க. அவங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவ கம்மாபுரத்துக்காரி. என்ன விடப் பத்துப் பன்னெண்டு வயசு சின்னவ. ஒல்லியா, பேச்சு கம்மியா, யாரு திட்டினாலும் தலைய மட்டும் ஆட்டிக்கிட்டு இருப்பா. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நெலம் எடுத்தப்ப அவங்க குடும்பமும் ஊர விட்டு வேற எடத்துக்கு வந்துடுச்சு. அவ வூட்டுக்காரரு முதுகு வலின்னு பாதி நாளு படுத்துக்குவாரு, பொண்ணு நர்ஸிங் படிச்சுது. வூடு ஓடறது அவ கையிலதான்.

அவ வேலைக்குச் சேந்த கதைய மொதலாளி வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு. "பேக்கிங்ல அனுபவம் இருக்குதாம்மா?"ன்னு இவரு கேட்டாராம். "ஒரு வூட்டையே கட்டி ஏத்தியிருக்கேங்க"ன்னாளாம். ஊர விட்டு வரும்போது பானை, சட்டி, கண்ணாடி, ஜாடின்னு அம்புட்டையும் வைக்கோல் வெச்சுக் கட்டி டிராக்டர்ல ஏத்தினது அவதான். "எதுனா ஒடைஞ்சுதா?"ன்னு கேட்டதுக்கு, "ஒண்ணுகூட ஒடையலங்க"ன்னு சொன்னாளாம். அந்த எடத்துலயே வேலைக்கு வரச் சொல்லிட்டாரு.

சும்மா சொல்லக் கூடாது, அவ கை கைதான். பீங்கான் கெண்டிய எடுத்தா விரலு பூனை மாதிரி சத்தமில்லாம அதச் சுத்தி வரும். தாளு மடிப்பு எங்க வரணும், வைக்கோலு எத்தன பிடின்னு கண்ணு பாக்காம கையே செய்யும். மூணு பேரு கட்டுறத ஒத்த ஆளா கட்டுவா, அவ பெட்டி ஒண்ணுகூட ஆட்டினா சத்தம் வந்ததில்ல. மத்தவங்க மேல எரிஞ்சு விழுற நான் அவகிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. அது என் கொணம், என்ன செய்யறது.

அவகிட்ட இன்னொண்ணும் பாத்திருக்கேன். என் ரூமுக்கு பெட்டிய எடுத்தாருவா, எறக்கி வெப்பா, ஆனா நான் நெம்புகோல இழுக்கும்போது செவுத்துப் பக்கம் திரும்பிக்குவா. பெட்டி விழுற சத்தத்துக்கு அவ ரெண்டு கையும் தானா முன்னால போயித் திரும்பும். ஒருக்கா எனக்கு போன் வந்துடுச்சு, "கொஞ்சம் இழுத்து வுடும்மா"ன்னேன். நெம்புகோல்ல கைய வெச்சா, எடுத்துட்டா. "என்னால ஆவாதுங்க மேடம். கட்டினதக் கீழ போட கை வரமாட்டேங்குது"ன்னா. "ஆமா, மகாராணிக்குக் கை வராது"ன்னு நானே இழுத்தேன்.

இப்பிடி ஓடிக்கிட்டிருந்தப்பதான் யானை வந்துச்சு.

பெங்களூர்ல ஒரு கம்பெனி. போன்ல ஆர்டர் எடுத்து வூடு வூடா கொரியர்ல அனுப்புறவங்க. அவங்களுக்கு எங்க யானை விளக்கு புடிச்சுப் போச்சு. ஒரு சாண் ஒயரம், வெள்ள யானை, முதுகு மேல ஒரு அகலு, தும்பிக்கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி நிக்கும். அது வரைக்கும் எங்க பொம்மைங்க ஒரு பெரிய பெட்டிக்கு நாப்பதுன்னு லாரில கடைக்குப் போவும். ஏத்தறதும் எறக்கறதும் கை மாத்திக் கை மாத்தித்தான். ஒரு பெட்டியும் தரையில விழுந்ததே கெடையாது. இப்ப ஒரு பெட்டிக்கு ஒரு யானை. அது எத்தன கை மாறும், எந்த மாடிப்படில உருளும், யாருக்குத் தெரியும்?

மாதிரிக்குன்னு அனுப்பின மொத யானைங்களோட போட்டோ ஒரு வாரத்துல திரும்பி வந்துச்சு. பாதிக்கு மேல தும்பிக்க இல்ல. தும்பிக்க இல்லாத யானைய எப்பவாவது பாத்திருக்கீங்களா? பன்னி மாதிரி இருக்கும். மொதலாளி மூஞ்சில ஈ ஆடல.

பெங்களூர்க்காரங்க மரியாதையாத்தான் சொன்னாங்க. மூணு வாரம் கழிச்சு எங்க ஆளு வருவாரு, அவரு கண்ணு முன்னால பத்துப் பெட்டியப் போட்டுக் காட்டுங்க. ஒண்ணு ஒடைஞ்சாலும் நீங்க பெட்டில கட்ட வேணாம், யானைய அப்பிடியே கிரேட்ல அடுக்கி அனுப்புங்க, நாங்களே இங்க மெஷின்ல பேக்கிங் பண்ணிக்கிறோம். அப்பிடி ஆச்சுன்னா மத்த ஆர்டருக்கும் அதே மாதிரி ஆயிடும்னு மொதலாளி என்னக் கூப்ட்டு மெதுவாச் சொன்னாரு. பேக்கிங் ஹாலே வேணாம்னு அர்த்தம்.

சேதி சாயங்காலத்துக்குள்ள ஹாலுக்குப் போயிடுச்சு. வூட்டுக்குக் கெளம்பும்போது கம்மாபுரத்துக்காரி கம்பெனி வாசல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தா. "எங்களுக்கு வேல இருக்குமா மேடம்?"னு கேட்டா. "கட்டுறத ஒழுங்காக் கட்டினா இருக்கும்"னேன். அவ தலைய ஆட்டிட்டு, "சரிங்க மேடம், போயிட்டு வரேன்"னு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனா. அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு. அவகிட்ட அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது.

மறுநாள் வேலைய ஆரம்பிச்சோம். ஒரு பெட்டிக்குப் பத்து தடவ போடணும், அதான் மொற. ஒரு மூலை, அந்த மூலைலேருந்து கெளம்புற மூணு விளிம்பு, அப்பறம் ஆறு பக்கம். மொத யானைக்கு மூலைலயே தும்பிக்க போச்சு. "இன்னும் இறுக்கிக் கட்டு"ன்னேன். இறுக்கினா. ரெண்டாவது விளிம்புல போச்சு. "வைக்கோல் பத்தல, தும்பிக்கையச் சுத்தி நல்லாத் திணி"ன்னேன். திணிச்சா. அதுவும் போச்சு. மூணு அடுக்கு, அதான் மூணு பிளை அட்டைய அஞ்சு பிளையா மாத்தினேன். வைக்கோலுக்கு மேல பபுள் கவரு போட்டேன். ஒடையறது கூடிச்சே தவிர கொறையல. ஒரு வாரத்துல ஒரு கூடை தும்பிக்க சேந்துடுச்சு.

நான் கத்தின கத்துல அடுத்த ஷெட்டுலேருந்து எட்டிப் பாத்தாங்க. "கையில என்ன வெண்ணெயா தடவிக்கிட்டு வரீங்க? எட்டுப் பேரு இருந்து ஒரு யானையக் கட்டத் தெரியல!" ஒருத்தி அழுதுட்டா. கம்மாபுரத்துக்காரி கீழ விழுந்த தும்பிக்கைங்களப் பொறுக்கி ஒரு ட்ரேல அடுக்கிக்கிட்டிருந்தா. "குப்பைய எதுக்குச் சேத்து வெக்கிற, மால கோக்கப் போறியா?"ன்னு கேட்டேன். "இல்லங்க மேடம், சும்மா"ன்னா.

சும்மா இல்லன்னு நாலு நாளு கழிச்சுத் தெரிஞ்சுது. சாப்பாட்டு நேரத்துல என் ரூமுக்கு வந்தா. ட்ரேய மேசைல வெச்சா. ஒவ்வொரு தும்பிக்க பக்கத்துலயும் அதோட யானை, ஒவ்வொரு யானை வயித்துலயும் நீலச் சாக்பீஸ்ல குறி. மூலைல போட்டப்ப போனதுக்கு ஒரு புள்ளி, விளிம்புக்கு ஒரு கோடு, பக்கத்துக்கு ஒரு வட்டம்.

"இத கொஞ்சம் பாருங்க மேடம். மூலைல போட்டாலும் இங்கதான் ஒடையுது. தலகீழாப் போட்டாலும் இங்கதான் ஒடையுது. எல்லாம் ஒரே எடம், எல்லாம் முன்பக்கம் சாஞ்சே ஒடைஞ்சிருக்குது. விழுந்து அடிபட்டு ஒடைஞ்சா விழுந்த பக்கம் பாத்துத்தானே ஒடையணும்?"

நான் ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். நெசந்தான். பன்னெண்டு வருஷ அனுபவம்னு மாரத் தட்டிக்கிட்ட எனக்கு அது கண்ணுல படல.

"அப்ப எது ஒடைக்குதுங்கற?"

ஒரு தும்பிக்கைய எடுத்து அதோட யானை நெத்திகிட்ட வெச்சுக் காட்டினா. அப்பறம், "வைக்கோலுதாங்க"ன்னா. "தும்பிக்கைக்கும் நெத்திக்கும் நடுவுல இருக்குற சந்துல நாங்க வைக்கோலத் திணிக்கிறோம்ல? பெட்டி விழுறப்ப அது வெறகுல அடிக்கிற ஆப்பு மாதிரி எறங்குது. இறுக்க இறுக்க நல்லா எறங்குது."

"திணிக்காம வுட்டா ஆடும். ஆட்டினா சத்தம் வரும்"னேன்.

யானையக் கட்ட ஆரம்பிச்ச மொத நாளு நான் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்து, சத்தம் வருதுன்னு ரூமு மூலைல தூக்கிக் கடாசுன ஒரு பெட்டி இருந்துச்சு. புதுசா வந்த பொண்ணு ஒருத்தி தும்பிக்கப் பக்கம் திணிக்க மறந்துட்டுக் கட்டினது. அவ அத எடுத்தாந்து ஸ்டாண்டு மேல வெச்சா. "இத ஒருக்காப் போட்டுப் பாருங்களேன் மேடம்"னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ரிஜெக்ட் பண்ணின பெட்டிய எவளாவது டெஸ்ட் பண்ணுவாளா? வேணாம்னுதான் வாய் வந்துச்சு. ஆனா கை நெம்புகோலுக்குப் போயிடுச்சு. மூலை. மூணு விளிம்பு. ஆறு பக்கம். பத்து தடவையும் உள்ள லொடக்கு லொடக்குன்னு அந்தச் சனியன் புடிச்ச சத்தம். பெட்டியப் பிரிச்சேன். வைக்கோலுக்கு நடுவுல யானை தும்பிக்கையத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு.

கன்னத்துல பளார்னு ஒண்ணு வாங்கின மாதிரி இருந்துச்சு எனக்கு. ஒடைச்சது என் சட்டம்தான். நான் திட்டத் திட்ட அந்தப் பொண்ணுங்க பயந்துக்கிட்டு இன்னும் இறுக்கித் திணிச்சு, இன்னும் ஒடைச்சிருக்குதுங்க. "அட கண்றாவியே"ன்னு ஸ்டூல்ல ஒக்காந்துட்டேன். அவ திரும்பிப் பாத்து, "தண்ணி வேணுங்களா மேடம்?"னு கேட்டா.

அன்னிக்கு மத்தியானத்துலேருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து வேல செஞ்சோம். யானைய எங்க புடிக்கலாம்? வயித்துல புடிக்கலாம், நாலு காலுல புடிக்கலாம். தும்பிக்கயத் தொடவே கூடாது, அதச் சுத்தி வெறும் காத்துதான். அஞ்சு பிளை அட்டைல வயித்து அளவுக்கு ஓட்டை வெட்டி ரெண்டு தட்டு, காலு நிக்க நாலு குழி. யோசனை பூரா அவளோடது. எத்தன மில்லிமீட்டரு, எந்தப் பக்கம் மடிப்பு, அட்டைக்குள்ள இருக்குற நெளி வரி எந்தத் தெசைல ஓடணும்ங்கறது என்னோடது. வரி படுக்க வசத்துல இருந்தா தட்டு மடங்கிடும், நெட்டா இருந்தா தாங்கும்னு நான் சொன்னேன். "வைக்கோலு மாதிரிதான், நெட்டா வெச்சா நிக்கும்"னு ஒடனே புடிச்சுக்கிட்டா. என்னா கற்பூர புத்தி! நானு பாண்டிச்சேரில அதப் புரிஞ்சிக்க ஒரு மாசம் ஆச்சு.

மூணு தடவ வெட்டித் தப்பாச்சு. நாலாவது சரியா ஒக்காந்துச்சு. நனைஞ்ச சாக்குப் பக்கத்துல ரெண்டு நாளு வெச்சோம். மேல மணல் மூட்டைய அடுக்கினோம். பெண்ணாடம் பஸ்ஸுக்கு அனுப்பினோம், கண்டக்டரு, "யானைக்கு ஃபுல் டிக்கெட்டா, ஆஃப் டிக்கெட்டா மேடம்?"னு கேலி பண்ணிட்டு ஏத்திக்கிட்டாரு. எல்லாத்தயும் தாண்டி வந்துச்சு. அந்த எட்டுப் பேரும் கத்தரிக்கோலும் கையுமா, பெங்களூர் ஆளு வர்ற நாளுக்குள்ள முப்பது பெட்டி கட்டி வெச்சிட்டாங்க. அதுக்குள்ள அவ என்ன மேடம்னு கூப்புடறத வுட்டுட்டா. எப்ப அக்கான்னு ஆச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது.

பெங்களூர் ஆளு சின்னப் பையன் மாதிரி இருந்தாரு. நல்ல தமிழு, நல்ல மரியாத. ஆனா வேலைல கில்லாடி. நாங்க எடுத்து வெச்ச பெட்டிங்கள வேணாம்னுட்டு, முப்பதுலேருந்து அவரே பத்து எடுத்தாரு. ஒவ்வொண்ணையும் போன்ல வீடியோ எடுத்தாரு. மொதலாளி வாசல்ல நின்னுக்கிட்டு வேர்வையத் தொடச்சிக்கிட்டே இருந்தாரு. ஹாலுப் பொம்பளைங்க ஜன்னலுக்கு வெளிய. கம்மாபுரத்துக்காரிய மட்டும் பெட்டி எடுத்துக் குடுக்க உள்ள வெச்சிக்கிட்டேன்.

எட்டுப் பெட்டி முடிஞ்சுது. எட்டு யானையும் மேசை மேல வரிசையா நின்னுச்சு. ஒம்பதாவது பெட்டிய மூலைல நிறுத்தி நெம்புகோல இழுத்தேன். பாழாப்போன பலகை, அன்னிக்குன்னு பாத்து பாதில மாட்டிக்கிச்சு. ஒரு பக்கம் மட்டும் மடங்கி, பெட்டி சறுக்கி, ஸ்டாண்டுக்கு வெளிய அவ நின்ன பக்கம் போச்சு.

அவ புடிச்சிட்டா.

ரெண்டு கையாலயும், மொழங்கால் ஒயரத்துல, தரைல படறதுக்குள்ள. புடிச்சதுக்கு அப்பறம்தான் என்ன பண்ணினோம்னு அவளுக்கே தெரிஞ்சுது. பெட்டியக் கொழந்த மாதிரி நெஞ்சுல அணைச்சுக்கிட்டு, மூஞ்சி வெளுத்து நின்னா.

பெங்களூர் ஆளு போனக் கீழ எறக்கினாரு. "என்ன மேடம் இது? கையில புடிச்சா டெஸ்ட் செல்லாது"ன்னாரு. நான் பலகை மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். அவரு அவளப் பாத்தாரு, பெட்டியப் பாத்தாரு. "இந்தப் பெட்டி மட்டும் சரியில்லன்னு இவங்களுக்குத் தெரியுமா? அதனாலதான் புடிச்சாங்களா?"

எனக்கு ஏறிச்சு பாருங்க. "தம்பி, அந்தப் பொண்ணு வாழ்நாள்ல ஒண்ணையும் கீழ வுட்டதில்ல. கட்டுறவ கை அப்பிடித்தான் இருக்கும். பெட்டிய எடுத்தது நீங்க. எதுல என்ன இருக்குதுன்னு அவளுக்கு எப்பிடிங்க தெரியும்?"னு ஒரு புடி புடிச்சிட்டேன். மொதலாளி பின்னாலேருந்து, "அம்மா, அம்மா"ன்னு கையக் காட்டுறாரு. ஆர்டர் போச்சுடா சாமின்னு நெனச்சிருப்பாரு. ஆனா என் வாய் நிக்கல.

அப்பத்தான் அவ பேசினா. "நானே போடுறேங்க"ன்னா.

ஜன்னல்ல ஒருத்தி, "ஐயோ"ன்னு வாயப் பொத்திக்கிட்டா. நெம்புகோல்ல கை வெக்கவே முடியாதவ அவ. பெங்களூர் ஆளுக்கு அது எப்பிடித் தெரியும்? "சரி, இடுப்பு ஒயரம் போதும்மா"ன்னு போனத் தூக்கிக்கிட்டாரு.

அவ பெட்டிய மூலை கீழ பாக்கத் திருப்பிப் புடிச்சா. இடுப்பு வரைக்கும் தூக்கினா. அதோட நிக்கல, மாரு வரைக்கும் தூக்கினா. தலைக்கு மேல தூக்கிட்டா. "ஏய்!"னு நான் கத்த வாயத் தொறக்கறேன், கண்ண மூடாம, செவுத்துப் பக்கம் திரும்பாம, இரும்புத் தகட்டயே பாத்துக்கிட்டு வுட்டுட்டா.

அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. மூலை நசுங்கி, பெட்டி ஒரு எகிறு எகிறி, உருண்டு, என் கால்கிட்ட வந்து நின்னுச்சு. அவ குனிஞ்சு அத எடுத்தா. விளிம்புக்குத் திருப்பினா. திரும்பவும் தலைக்கு மேல. மிச்சம் ஒம்பது தடவையும் அவளே போட்டா, ஒண்ணுகூட இடுப்பு ஒயரத்துல போடல.

பெங்களூர் ஆளுதான் பெட்டியப் பிரிச்சாரு. நான் பாக்கல, நான்தான் இந்தத் தடவ செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஜன்னலுக்கு வெளிய கூச்சல் கெளம்பினதும்தான் திரும்பினேன். தட்டு ரெண்டுக்கும் நடுவுல யானை நின்னுச்சு. தும்பிக்க மேல தூசிகூட இல்ல. அந்த ஆளு அவளப் பாத்து, "இடுப்பு ஒயரம் போதும்னு சொன்னேனேம்மா"ன்னாரு. "கொரியரு ஆளு இடுப்ப அளந்தா போடுவாருங்க?"ன்னு கேட்டா. அவரு சிரிச்சிட்டாரு. பத்தாவது பெட்டிக்குப் பலகைய நான் சரி பண்றதுக்குள்ள, பேப்பர்ல கையெழுத்துப் போட எடத்தத் தேட ஆரம்பிச்சிட்டாரு. அப்பிடி வுட முடியாதுன்னு அதையும் முழுசாப் போட்டுக் காட்டினேன். பத்தும் பாஸு. பேக்கிங் இங்கயே இருக்கட்டும், அந்தத் தட்டு மாதிரியே மத்த பொம்மைக்கும் செஞ்சு குடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.

எல்லாரும் டீ குடிச்சு, கூத்தடிச்சு, கெளம்பிப் போனப்பறம் ஹால்ல நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். அவ கீழ கிடந்த அட்டைத் துண்டுங்களக் கூட்டிக்கிட்டிருந்தா. எனக்கு அன்னிக்குத்தான் வாயத் தொறந்து சொல்லத் தோணுச்சு. "ஒன்ன மாதிரி வேல தெரிஞ்சவள நான் எங்கயும் பாத்ததில்லடி. பாண்டிச்சேரில படிச்ச இஞ்சினியருங்க இருந்தாங்க, ஒருத்தரும் தும்பிக்கைய அடுக்கி வெச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. எப்பிடிம்மா தோணுச்சு ஒனக்கு?"

தொடப்பத்தச் செவுத்துல சாத்திட்டு நின்னா. "அக்கா, ஒரு பொய்யி சொல்லியிருக்கேன்"னா.

"என்ன பொய்யி?"

"ஊர விட்டு வரும்போது ஒண்ணுமே ஒடையலன்னு மொதலாளிகிட்ட சொன்னேன்ல? ஒண்ணு ஒடைஞ்சுது. எங்க வூட்டு ஊறுகா ஜாடி. அது மேலதான் பயம்னு, அதுக்கு மட்டும் வைக்கோல அடிச்சு அடிச்சுத் திணிச்சேன். டிராக்டர்லேருந்து நாந்தான் எறக்கினேன், பூ மாதிரி. யாரும் போடல, எங்கயும் இடிக்கல. பிரிச்சுப் பாக்கறேன், ஜாடியோட கைப்பிடி தனியா ஒடைஞ்சு கிடக்குது. வேலைக்கு வந்த எடத்துல அதச் சொன்னா வேல குடுப்பாங்களா? சொல்லல."

"அப்ப வைக்கோல்தான் ஒடைக்கும்னு மொதல்லயே ஒனக்குத் தெரியும்."

"சந்தேகமா இருந்துச்சு. மொத யானை ஒடைஞ்சப்பவே."

"அடிப்பாவி! ஒரு கூடை தும்பிக்க போச்சேடி. ஒங்க எட்டுப் பேரு வேல போயிருக்கும். அப்பவே வந்து என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அவ முகத்துல கோவமும் இல்ல, வருத்தமும் இல்ல, சும்மா என் தலைக்கு மேல பாத்தா. நானும் திரும்பிப் பாத்தேன். செவுத்துல மொழம் ஒயரத்துக்கு, செகப்புல, நான் எழுதினது இருந்துச்சு.

அப்பறம் சூளைப் பக்கம் போயி சுண்ணாம்பு வாளியும் மட்டையும் எடுத்தாந்தேன். ஸ்டூலப் போட்டேன். அது ஒரு கால் ஆடுற ஸ்டூலு. "நான் ஏறட்டுமா அக்கா?"ன்னா. "நான்தானே எழுதினேன்"னு சொல்லிட்டு ஏறினேன். மொத எழுத்த அழிக்கும்போது கீழ பாத்தேன். அவ குனிஞ்சு ஸ்டூல ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு இருந்தா. அதுக்கப்பறம் நான் கீழயே பாக்கல, கடைசி எழுத்து வரைக்கும் எட்டி எட்டி அழிச்சேன்.